மாவுக்கட்டா, கண்ணாடியிழைக் கட்டா?

முறிந்த எலும்பை அசையாமல் பிடித்து வைக்க இன்று போடப்படும் கட்டுகள் பெரும்பாலும் இரண்டு: 1850களில் நெதர்லாந்து ராணுவ மருத்துவர் அந்தோனியஸ் மத்தைசன் பரவலாக்கிய மாவுக்கட்டு, அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் பின்னர் வந்த கண்ணாடியிழைக் கட்டு.

மாவுக்கட்டின் பெரிய பலம், ஈரமாக இருக்கும்போது உடலின் வளைவுக்கேற்ப நன்றாகப் படிந்துகொள்வதுதான். ஆகவே, விலகிய எலும்பை நேராக்கிய கையோடு அதே நிலையில் நிறுத்த வேண்டியிருக்கும்போதும், வீக்கம் கூடக்கூடிய முதல் சில நாட்களில் முழுதும் சுற்றி மூடாத பாதிக்கட்டாகப் போடும்போதும், அதுவே பொருத்தமானது என்பேன். ஆனால் அது கனமானது, முழுதும் உலர 24 முதல் 72 மணி நேரம் பிடிக்கும், நனைந்தால் இளகிவிடும்.

கண்ணாடியிழைக் கட்டு லேசானது, விரைவில் இறுகிவிடுவது, எக்ஸ்ரே படத்திலும் எலும்பை அதிகம் மறைக்காதது. விலை மட்டும் கூடுதல். வீக்கம் வடிந்தபின் வாரக்கணக்கில் அணிய வேண்டியவர்களுக்கு அது வசதி. அதைத் தாராளமாக நனைக்கலாம் என்று பலர் நம்புவதுதான் கவலை தருகிறது: மேலுறை தண்ணீரைத் தாங்கினாலும், உள்ளே வைக்கும் சாதாரணப் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலைப் புண்ணாக்கிவிடும்.

எந்தக் கட்டானாலும், வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ, விரல்கள் மரத்துப்போய் வெளிறினாலோ நீலம் பாரித்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கட்டு இறுகி ரத்த ஓட்டம் தடைபடுவதற்கான அறிகுறிகளாக அவை இருக்கலாம்.