சேஃப் செட்டப்பா, அக்ரெசிவ் செட்டப்பா? ஏசிசியில் எதிலிருந்து தொடங்குவது

அசெட்டோ கோர்சா காம்பெட்டிசியோனே (ஏசிசி) என்ற கார் ரேஸ் கேமில் ஒரு ஜிடி3 பந்தயக் காரை எடுத்து, வண்டியின் உயரம், ஸ்பிரிங், டயர் அழுத்தம் போன்றவற்றை அமைக்கும் செட்டப் பக்கத்தைத் திறந்தால் சேஃப், அக்ரெசிவ் என்று இரண்டு தயார் செட்டப்புகள் இருக்கும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் நேராக அக்ரெசிவுக்குப் போய்விடுகிறார்கள். ஒரே ஒரு லாப் டைம் மட்டும் வேண்டுமென்றால் அது சரிதான். ஆனால் 20 நிமிஷமோ ஒரு மணி நேரமோ ஓடும் ரேஸுக்கு நான் எடுத்தது சேஃப். மற்றவர்களையும் அதையே எடுக்கச் சொல்கிறேன்.

எதை எடுத்தாலும் முதலில் முடிக்க வேண்டியவை சில உண்டு. லாஜிடெக் ஜி29 போன்ற வீல் என்றால் அதன் டிரைவர் மென்பொருளில் 900 டிகிரி வையுங்கள், கேமில் ஸ்டீர் லாக்கையும் (வீல் திரும்பும் மொத்த அளவு) 900 ஆக்குங்கள். காருக்குத் தேவையான திருப்பத்தைக் கேமே பார்த்துக்கொள்ளும். இந்த இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் எந்த செட்டப்பும் சரியாகத் தெரியாது. ஃபோர்ஸ் ஃபீட்பேக் (வீல் கைக்குத் தரும் எதிர்விசை) உச்சத்தில் முட்டி கிளிப் ஆகாத அளவுக்கு அதன் பலத்தை, அதாவது கெயினை, குறையுங்கள். ஜி29 பிரேக் பெடலில் தொடக்க அழுத்தத்துக்கே பிரேக் பிடித்துக்கொள்வதாகத் தோன்றினால், கேமில் உள்ள பிரேக் காமா என்ற அமைப்பை 1.0-க்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், மென்மையாகும். இதற்குப் பிறகுதான் செட்டப் பேச்சே.

அக்ரெசிவ் செட்டப் பொதுவாக வண்டியை இறக்கி, இறுக்கி வைக்கும். எலக்ட்ரானிக்ஸின் தலையீட்டையும் குறைக்கும். எத்தனை படி என்பது காருக்குக் கார் மாறும், போகும் திசை இதுதான். மூக்கு சட்டென்று திரும்பும். கையில் பழக்கம் இருந்தால் மெதுவான வளைவுகளில் நேரம் கிடைக்கும். சேஃபில் மூக்கு கொஞ்சம் சோம்பலாக இருக்கும், பின்பக்கம் ஒட்டிக்கொண்டு வரும். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

முடிவைத் தீர்மானிக்கும் விஷயம் வேறு. பத்தாவது லாப்பில் வண்டி மூன்றாவது லாப்பில் இருந்த மாதிரியே இருக்கிறதா? இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் சேஃப் பக்கம் நிற்கிறேன்.

அதற்குக் காரணம் பின் டயர். டிராக்‌ஷன் கன்ட்ரோல் (டிசி, பின் சக்கரம் வழுக்குவதைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக்ஸ்) எண் குறைவாக இருந்தால், வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரைச் சற்று முந்தி மிதித்தாலே பின் சக்கரம் வழுக்கும். ஸ்பின் ஆகாமல் சமாளித்துவிடலாம், அதனால் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு வழுக்கலும் டயரைச் சூடாக்குகிறது. சூடு ஏறினால் உள்ளே காற்றழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் டயர் உப்பி, தரையைத் தொடும் பரப்பு குறையும். பரப்பு குறைந்தால் அடுத்த வளைவில் இன்னும் எளிதாக வழுக்கும். இந்தச் சுழல் ஆரம்பித்துவிட்டால் ஆறேழு லாப்புக்குள் பின்பக்கம் அலைய ஆரம்பிக்கும். அப்போது ஸ்டீயரிங்கில் நீங்கள் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் நேரத்தைத் தின்னும்.

ஜிடி3 டிரை டயருக்கு இப்போதைய வெர்ஷனில் சூடான பிறகு காற்றழுத்தம் 26 முதல் 27 பிஎஸ்ஐ வரை இருக்க வேண்டும். பழைய வழிகாட்டிகளில் வரும் 27.5 கணக்கு 1.9 வெர்ஷனுக்கு முந்தையது, அதை விட்டுவிடுங்கள். நாலு லாப் ரேஸ் வேகத்தில் ஓட்டி, ஸ்கிரீனில் தெரியும் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின் டயர் 27.3 காட்டினால், செட்டப்பில் 0.7 குறைத்தால் ஏறக்குறைய 26.6-க்கு வந்து நிற்கும். வெளி வெப்பம் ஒரு டிகிரி மாறினால் சுமார் 0.1 பிஎஸ்ஐ மாறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் பயிற்சி செய்து மாலை ரேஸில் இறங்குபவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். பிரேக்குக்குக் குளிர்காற்று கொண்டுவரும் பிரேக் டக்டையும் மறக்க வேண்டாம். அதை மூடினால் பிரேக் சூடு சக்கரத்துக்குப் பரவி, டயர் அழுத்தமும் கூடவே ஏறும்.

அக்ரெசிவில் இந்த அழுத்தத்தைச் சரியாக வைப்பதே கஷ்டம். காலையில் நிதானமாக ஓட்டினால் ஒரு எண், ஒருவரைத் துரத்திக்கொண்டு ஓட்டினால் வேறு எண். சேஃபில் அந்த வித்தியாசம் சின்னது.

இத்தாலியின் மோன்சா டிராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 5.793 கி.மீ. நீளம், பெரும்பாலும் நேர்கோடு. முதல் சிக்கேனான (எதிரெதிர்த் திசையில் அடுத்தடுத்து வரும் வளைவுகள்) ரெட்டிஃபிலோவுக்கு நீண்ட நேர்கோட்டின் முழு வேகத்தில் வந்து, கியரைத் தட்டித் தட்டி இறக்கி, வண்டியை வலது பக்கம் வளைத்துப்போட வேண்டும். அக்ரெசிவில் பிரேக்கிலிருந்து காலை எடுக்கும் அந்த நொடியில் பின்பக்கம் லேசாக நழுவும். அதை எதிர்பார்த்தவருக்கு அது லாபம், வண்டி தானாகவே திரும்பிக் கொடுக்கும். எதிர்பார்க்காதவருக்கு முதல் கெர்பில் (டிராக்கின் ஓர மேடு) ஏறும்போதே வண்டி கோணலாகிவிடும். உயரம் குறைவு, ஸ்பிரிங் இறுக்கம், பம்ப்ஸ்டாப் (சஸ்பென்ஷன் ஓரளவுக்கு மேல் அமுங்காமல் தடுக்கும் பாகம்) தொடும் தூரமும் குறைவு என்றால் கெர்பின் அடி அப்படியே டயருக்குப் போய், உள்பக்கச் சக்கரம் காற்றில் எழும்பும். எழும்பிய சக்கரத்தால் வண்டியைத் தள்ள முடியாது. இரண்டாவது இடது திருப்பத்தில் நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டிய நேரத்தில் வண்டி இன்னும் நிலைக்கு வரவில்லை. அங்கே இழந்த வேகத்தைக் குர்வா கிராண்டே வளைவைத் தாண்டி அடுத்த சிக்கேனான ரோஜியா வரை சுமந்துகொண்டே போக வேண்டும். அஸ்காரி சிக்கேனிலும் இதே கதைதான், அங்கே வேகம் கூடுதல் என்பதால் தண்டனையும் கூடுதல்.

சேஃபின் குறையையும் சொல்லியாக வேண்டும். மோன்சாவின் லெஸ்மோ வளைவுகள் இரண்டிலும் மூக்கு வெளியே தள்ளும், அது எரிச்சல்தான். ஆனால் சேஃபிலிருந்து கூர்மையாக்குவது, அக்ரெசிவை அடக்குவதைவிடப் பல மடங்கு எளிது. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து லாப்.

முதலில் டிசியை ஒரு எண் குறையுங்கள். பின் டயர் அழுத்தம் முன்பு நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் இன்னொன்று குறைக்கலாம், ஏறினால் பழைய இடத்துக்கே திரும்புங்கள். மெதுவான வளைவில் மூக்கு தள்ளினால் முன் ஆன்டி-ரோல் பாரை (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) ஒரு படி தளர்த்துங்கள். வேகமான வளைவில் மட்டும் தள்ளினால் பிரச்சினை ஏரோவில் (காற்று வண்டியைத் தரையோடு அழுத்தும் விதம்) இருக்கிறது: ரியர் விங்கை ஒன்று குறையுங்கள், அல்லது முன் உயரத்தை ஒரு மி.மீ. இறக்குங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யக் கூடாது, எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். வளைவுக்குள் நுழையும்போது வண்டி திரும்ப மறுத்தால் டிஃபரென்ஷியல் பிரீலோடை (பின் சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் இறுக்கம்) குறையுங்கள். பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் ஆடினால் பிரேக் பயாஸை (முன், பின் பிரேக்குகளுக்குப் பிரியும் விசையின் பங்கு) அரை சதவீதம் முன்னே தள்ளுங்கள்.

எந்த செட்டப் வேகமானது என்று பார்க்க, இரண்டிலும் ஒரே வெப்பத்தில், ஒரே பெட்ரோலில் 12 லாப் ஓட்டுங்கள். மோன்சாவுக்கு 50 லிட்டர் தாராளமாகப் போதும். முதல் இரண்டை விட்டுவிட்டு மீதிப் பத்தின் சராசரியைப் பாருங்கள், சிறந்த லாப்பைப் பார்க்காதீர்கள். பெரும்பாலானவர்களுக்குச் சிறந்த லாப் அக்ரெசிவில் வரும், சராசரி சேஃபில் வரும். ரேஸ் முடிவு சராசரியில்தான் இருக்கிறது.

லோட் செல் பெடல் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறலாம். பிரேக்கைக் காலின் அழுத்தத்தால் அளப்பதால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் பிடிக்க முடிகிறது, அக்ரெசிவின் நுழைவு ஆட்டம் அவ்வளவு பயமுறுத்தாது. மழையில் இதில் எதையும் அப்படியே எடுத்துப் போக வேண்டாம், வெட் டயருக்கு அழுத்தக் கணக்கே வேறு.

ரேஸில் தொடங்கும் இடத்தைத் தீர்மானிக்கும் குவாலிஃபையிங்குக்கு அக்ரெசிவ் எடுத்தால் தப்பில்லை, இரண்டு லாப்புக்குள் டயர் அந்தச் சுழலில் மாட்டாது. சேஃபிலேயே இருப்பவர்கள் டிசியை மட்டும் குறைத்துக்கொள்ளலாம். டிசி, ஏபிஎஸ், பிரேக் பயாஸ் மூன்றையும் ஓட்டும்போதே மாற்றலாம் என்பதால் வீலில் இவற்றுக்குப் பட்டன் ஒதுக்குங்கள். ரேஸின் கிரிட்டில் நிற்கும்போது டிசி பழைய எண்ணுக்கு வந்துவிட்டதா என்று ஒரு தடவை பாருங்கள், முதல் லாப்பில் டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அது அதிகம் தேவைப்படும்.