பத்து லட்சம் குறைவா? அடிமனை யாருடையது என்று முதலில் கேளுங்கள்

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் பழைய தெருக்களில் வீடு பார்ப்பவர்கள் கவனிக்க. ஒரே தெரு, ஒரே அளவு, ஒரு வீடு மட்டும் பத்து லட்சம் குறைவு என்றால் அதிர்ஷ்டம் என்று துள்ளாதீர்கள். பல நேரம் அடிமனை, அதாவது வீடு நிற்கும் நிலம், கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாக இருக்கும். விற்பவர் கையில் இருப்பது மேலே நிற்கும் கட்டடம் மட்டும். தரகர் இதை வாயால் சொல்ல மாட்டார். முன்பணம் கைமாறிய பிறகு பத்திர நகலில், சொத்து விவரத்தின் கடைசி வரியில் "அடிமனை நீங்கலாக" என்று இரண்டு சொல் கிடக்கும். வங்கியில் கடன் கேட்கப் போனால் அங்கேயே நின்றுவிடும்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதே என்பார்கள். அதில் வருவது பதிவான பத்திரங்கள் மட்டும். கோயிலின் உரிமை அதில் தெரியாமலே போகலாம். நகரம் என்றால் நகர நிலஅளவைப் பதிவேட்டு நகல், கிராமம் என்றால் பட்டாவோடு 'அ' பதிவேடு (சர்வே எண் வாரியாக நிலம் யாருடையது என்று காட்டும் கிராமக் கணக்கு). இரண்டிலும் உரிமையாளர் பெயரைப் பாருங்கள். பிறகு கோயில் அலுவலகத்திலேயே சர்வே எண்ணைச் சொல்லி, மனை வாடகை பாக்கி உண்டா என்று கேளுங்கள். அக்ரிமென்ட்டில் "அடிமனை உள்பட" என்று எழுதாமல் ஆயிரம் ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது அளவு. 16 அடி அகலம், 120 அடி நீளம், மொத்தம் 1920 சதுர அடி "வீடு" என்பார்கள். திண்ணையிலிருந்து கொல்லைக் கிணறு வரை அதில் அடக்கம். கூரை 70 அடியோடு முடிந்தால் கட்டடம் 1120தான், அதிலும் முற்றம் போக வேண்டும். பக்கத்து வீட்டை சென்ட் கணக்கிலும் இதைக் குழிக் கணக்கிலும் சொல்லிக் குழப்புவது தனிக் கலை. சென்ட் 435.6 சதுர அடி, குழி 144. எல்லாவற்றையும் சதுர அடிக்கு மாற்றிவிட்டுப் பேசுங்கள். இருபுறச் சுவரும் யாருடையது என்பது பத்திரத்தில் இருக்க வேண்டும். பொதுச்சுவர் என்றால் நாளைக்கு இடித்துக் கட்டும்போது பக்கத்து வீட்டோடு பஞ்சாயத்து.

சுவரில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் புது டைல்ஸ் ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள், உப்பு பொரிந்ததை மறைக்கிற வேலையாக இருக்கலாம். டைல்ஸ் முடியும் இடத்துக்கு மேலே விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் பூச்சு விட்ட இடம் பொக்கென்று ஒலிக்கும். மரத்தூணின் அடியில் ஸ்க்ரூடிரைவரை அழுத்துங்கள். சுலபமாக இறங்கினால் உள்ளே கரையான் இருக்கலாம்.

நஞ்சையைத் தூர்த்துக் கட்டிய புது வீடு என்றால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலைத் தேடுங்கள். களிமண் மழைக்கு உப்பி, கோடைக்குச் சுருங்கும். தூர்த்த மண்ணும் அமுங்கும். மனைப்பிரிவு அங்கீகார எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

சித்திரையில் காட்டும் வீட்டை ஐப்பசி மழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். அதுவரை பொறுக்க முடியாவிட்டால், கொத்தனாரிடம் டியூப் மட்டம் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) வாங்கி, வாசல் நிலைப்படி தெருவை விட எத்தனை அங்குலம் உயரம் என்று அளந்துவிடுங்கள். சாலை போடப்போட வீடு பள்ளமாகிக்கொண்டே போகும்.