சுங்கை சிப்புட் ஸ்டூடியோவில் தாத்தாவின் தகரப் பெட்டி

தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது அலமாரிக்கு மேலிருந்த தாத்தாவின் தகரப் பெட்டியை இறக்கினேன். திறந்ததுமே ராமபாணப் பூச்சி ஒன்று ஓடியது. இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று மறுநாளே பெட்டியோடு கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

கடை மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பழைய கடைவீதியில், மாடியில் இருக்கிறது. முன்பக்கம் கடப்பிதழுக்கும் அடையாள அட்டைக்கும் படம் எடுப்பார்கள். பின்பக்கம்தான் நான் சொல்ல வந்த வேலை: பழைய படங்களைத் திருத்துவது, தாள்களை ஸ்கேன் செய்வது, பிய்ந்த புத்தகங்களை மறுபடி தைத்துக் கட்டுவது. கடைக்காரர் அறுபதை ஒட்டியவர். உதவிக்கு ஒரு பையன்.

பெட்டியில் இருந்தவை இவ்வளவுதான். தாத்தாவின் ஒரே படம், 1946-ல் எடுத்தது. 1948-க்குப் பிறகு கொடுத்த காகித அடையாள அட்டை. நான்காக மடித்து செலோடேப் ஒட்டிய குடியுரிமைச் சான்றிதழ். பாட்டியின் சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குக் கொடுப்பது. வாழைமரம் அச்சடித்த, ஜப்பான் ஆட்சிக்காலத்துப் பத்து வெள்ளி (டாலர்) நோட்டு இரண்டு. அப்புறம், என் அப்பாவின் புத்தகம் ஒன்று: ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' நாவல், அட்டை கழன்று, நூல் விட்டுப்போய்.

சான்றிதழில் தொடங்குகிறேன். இந்தக் கடையின் மேல் எனக்கு மரியாதை வந்தது அங்கேதான். லேமினேட் செய்து கொடுங்கள் என்று கேட்டேன். முடியாது என்று சொல்லிவிட்டார். "டீச்சர், சூட்டில் ஒட்டினால் ஒட்டினதுதான். பத்து வருஷம் கழித்து மஞ்சளானால் உரிக்க முடியாது. உங்க தாத்தா இதுக்கு எவ்வளவு அலைஞ்சிருப்பார்!" என்றார். செலோடேப்பை எடுக்கவே மூன்று நாள் ஆனது. தாளை விரித்து, ஒட்டாத பாலியஸ்டர் உறைக்குள் வைத்துக் கொடுத்தார். லேமினேஷனுக்கு ஐந்து வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு இரண்டு நிமிடத்தில் என்னை அனுப்பியிருக்கலாம்.

தாத்தா அலைந்தது உண்மை. மெர்டேக்காவுக்கு, அதாவது 1957 ஆகஸ்டு 31 சுதந்திரத்துக்குப் பிறகு, வெளியில் பிறந்தவர்கள் குடியுரிமை கேட்க வேண்டுமானால் கடைசி 12 வருடத்தில் 8 வருடமாவது இங்கே குடியிருந்ததைக் காட்ட வேண்டும், ஓரளவு மலாயும் தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) கடிதம் எழுதிக் கொடுத்தார். மலாய், தாத்தாவுக்குச் சந்தையில் வந்தது. பாட்டியின் பெயரையும் சேர்த்து எழுதலாமா என்று கேட்டபோது, ஆம்பளைக்கு இருந்தால் போதாதா என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். பாட்டி சாகும்வரை சிவப்பு அட்டைதான். 31 ஆகஸ்டு வந்தால் லயத்து (தோட்டக் குடியிருப்பு) வாசலில் முதலில் கொடி கட்டுவது பாட்டி. இரண்டு தாள்களையும் ஒரே உறையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை.

காகித அடையாள அட்டைக்கும் இந்த ஊருக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். அதன்பின்தான் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அட்டை வந்தது. தாத்தாவின் அட்டையில் கட்டைவிரல் ரேகை மங்கிப்போயிருந்தது. அதைத் தெளிவாக்கவா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டியே தேய்ந்த விரல் அது.

இந்தக் கேள்வியைப் படத்துக்கும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்தப் படத்தின் கதையைச் சொன்னால்தான் என் கோபம் புரியும். தாத்தா 1937-ல் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். அடுத்த ஆண்டே தோட்டங்களுக்குக் கூலியாள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது. மூன்று வருடம் உழைத்துவிட்டுத் திரும்புகிறேன் என்று தன் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தவரை 1943-ல் ஜப்பான்காரன் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போட ஏற்றிவிட்டான். திரும்பி வந்ததும் இரவல் கோட்டு போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்து, ஒரு பிரதியை ஊருக்கு அனுப்பினார். உயிரோடு இருக்கிறேன் என்று காட்டத்தான். கன்னம் இரண்டும் குழி விழுந்திருக்கும், கழுத்து எலும்பு கோட்டுக்கு மேலே தெரியும்.

திருத்தி வந்த படத்தில் கன்னம் நிரம்பியிருந்தது! கம்ப்யூட்டர் தானாகச் செய்துவிட்டதாம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சயாமுக்கே போகாத ஒருவர் மாதிரி இருந்தார். மறுபடி செய்யச் சொன்னேன். முகம் சுளிக்காமல் செய்தார். கீறலும் பூஞ்சைக் கறையும் மட்டும் போயிருக்கின்றன, முகம் முகமாகவே இருக்கிறது. இதற்கு 60 வெள்ளி. ஈப்போவில் இதைவிடக் குறைவாகச் செய்கிறார்கள் என்று கேள்வி, ஆனால் நான் மறுபடியும் இங்கேதான் வருவேன்.

இனி புத்தகம். இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. அவர் கடைசிக் காலத்தில், சாயங்காலம் அவர் வெற்றிலை போடும் நேரத்தில், அப்பா இந்த நாவலை ஒவ்வொரு அத்தியாயமாக உரக்கப் படித்துக் காட்டுவார். தாத்தா இடையில் நிறுத்துவார், 'எங்க முகாமில் அப்படி இல்லை' என்பார். அவர் சொன்னதை அப்பா அப்படியே பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார். மூங்கில் பட்டைத் தரை. பேதி வந்தவர்களை ஆற்றுக்கு அந்தப் பக்கம் தனியாகப் போட்டது. தஞ்சாவூர்க்காரர் ஒருவர் ராத்திரியில் பாடியது, பாட்டு நின்ற ராத்திரி. பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது என்று எந்தப் பாடநூலிலும் இருக்கும். காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கிறது, பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் பெயர் இருக்கிறது. பல்லாயிரக்கணக்கில் செத்த தோட்டத் தமிழர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை கிடையாது. எங்கள் வீட்டில் சயாமைப் பற்றி எழுத்தில் இருப்பது அந்தப் பென்சில் வரிகள் மட்டும்தான்.

பையன் அதை அழுக்கு என்று நினைத்துவிட்டான். பிரித்த தாள்களைத் தைப்பதற்கு முன் ரப்பர் போட்டுச் சுத்தம் செய்யத் தொடங்கியிருக்கிறான். மூன்று பக்கம் போன பிறகுதான் கடைக்காரர் பார்த்தார். பார்த்த நிமிடமே எனக்குப் போன் செய்தார். மறைத்திருந்தால் எனக்குத் தெரிய ஆறு மாதம் ஆகியிருக்கும், அதுவும் உண்மை.

பள்ளி முடிந்து நேராகப் போனேன். பையன் மூலையில் நின்றுகொண்டிருந்தான், கண்ணெல்லாம் சிவப்பு. கத்த வேண்டும் என்று போனவள் கத்தவில்லை. கடைக்காரர் கதவைச் சாத்தி, மேசை விளக்கைத் தாளுக்குப் பக்கவாட்டில் படுக்க வைத்து, மற்ற விளக்கையெல்லாம் அணைத்தார். ஒளி தாளின் மேல் சாய்ந்து விழுந்ததும் பென்சில் அழுத்திய பள்ளங்கள் நிழலாகத் தெரிந்தன. அப்பா அழுத்தி எழுதுகிறவர். கேமராவை முக்காலியில் நிறுத்தி, விளக்கை நான்கு பக்கமும் மாற்றி மாற்றி வைத்து எடுத்தார். நான் வாசித்துச் சொல்லச் சொல்ல அந்தப் பையனே எழுதிக்கொண்டான். இரண்டு பக்கம் முழுசாக மீண்டது. மூன்றாவதில் 'மழை' என்ற ஒரு சொல்லும், கீழே 'அப்பா அழுதார்' என்பதும்தான் தெரிந்தன. நடுவில் நான்கு வரி போய்விட்டது. அப்பாவும் இப்போது இல்லை, கேட்பதற்கு.

புத்தகக் கட்டுக்குக் காசு வாங்க மறுத்தார். பாதியாவது வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். கட்டு அருமை. நூலால் தைத்திருக்கிறார், விரித்து வைத்தால் பக்கம் தட்டையாக நிற்கிறது, ஓரத்தை அங்குலம்கூட வெட்டவில்லை. எல்லாப் பக்கமும் ஸ்கேன் ஆகி பென்டிரைவில் இருக்கிறது, பக்கத்துக்கு ஒரு வெள்ளி.

போகிறவர்களுக்குச் சில விஷயம். மாடிப்படி செங்குத்து, வயதானவர்களைக் கூட்டிப் போகாதீர்கள். ஒரு வாரம் என்று சொன்னால் மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஐந்து வாரம் ஆனது. எதைக் கொடுத்தாலும் எது கறை, எது கறை இல்லை என்று நீங்களே தாளில் எழுதிக் கொடுங்கள்.

போன வாரம் மறுபடி போயிருந்தேன், பக்கத்து வீட்டு அக்காவின் கல்யாணப் படத்தோடு. இப்போது ஒவ்வொரு உறையின் மேலும் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டு, 'தொடக் கூடாதவை' என்று எழுதி இடம் விட்டிருக்கிறார்கள். பையன்தான் பேனாவை எடுத்து நீட்டினான். அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மாப்பிள்ளை சட்டையில் இருக்கிற ஒட்டு" என்று எழுதச் சொன்னார்.