நிஃப்டி ஐடி ஃபண்டா, நிஃப்டி 50 ஃபண்டா?

மாசம் 2,000 ரூபா எஸ்ஐபி (மாசாமாசம் ஒரே தொகையை ஃபண்டுல போடுறது) போடணும், எதுல போடன்னு என் தம்பி ரெண்டு வாரமா கேட்டுட்டே இருக்கான், இதே குழப்பம் நிறைய பேருக்கு இருக்குன்னு தெரியும் அதான் எழுதுறேன். ரெண்டுமே ஒரு இண்டெக்ஸை, அதாவது பங்குச்சந்தை கம்பெனிங்க பட்டியல் ஒண்ணை, அப்படியே பின்பற்றி பங்கு வாங்குற ஃபண்டு.

எத்தனை கம்பெனி?
ஐடி: 10 தான், எல்லாமே ஒரே துறை.
50: பேங்க், எண்ணெய், மருந்து, கார்னு கலந்து 50.

எந்த கம்பெனிக்கு வெயிட் (நம்ம பணத்துல அதுக்குப் போற அளவு) ஜாஸ்தி?
ரெண்டுலயும் ஃப்ரீ ஃப்ளோட் கணக்குதான், அதாவது சந்தையில கைமாறக்கூடிய பங்குக்கு மட்டும் மதிப்பு. டிசிஎஸ் மொத்த மதிப்புல இன்ஃபோசிஸை விட பெரிசு, ஆனா 70 சதவீதத்துக்கு மேல அதோட தாய் கம்பெனி டாடா சன்ஸ் கையில இருக்கு, அது கணக்குல வராது, அதனால ஐடி இண்டெக்ஸ்ல இன்ஃபோசிஸ்தான் பெரிய ஆளு. அவங்க ரிசல்ட் சொதப்புனா அன்னிக்கு இண்டெக்ஸே தொங்கிடும். 50ல அந்த அடி அவ்வளவா தெரியாது.

ஏத்த இறக்கம்?
ஐடி: 2022ல 26 சதவீதம் கிட்ட விழுந்துச்சு, இந்த கம்பெனிங்க வருமானத்துல பெரும்பங்கு அமெரிக்கா கிளையண்ட்டுங்க கிட்டருந்து வருது பாருங்க, அங்க சரிஞ்சா இங்கயும் அடி.
50: அதே வருஷம் 4 சதவீதம் போல ஏறுச்சு.

செலவு (ஃபண்டு நடத்துறவங்க வருஷாவருஷம் எடுத்துக்குற கட்டணம்)?
ஐடி ஃபண்டுல பொதுவா கொஞ்சம் ஜாஸ்தி.

முதல் எஸ்ஐபின்னா கண்ண மூடிட்டு 50 போடுங்க, அதுக்குள்ளயே டிசிஎஸ், இன்ஃபோசிஸ் எல்லாம் இருக்கு. ஏற்கனவே 50 வச்சிருக்கவங்க, பாதி விழுந்தாலும் 7, 8 வருஷம் தொடாம இருக்க முடியும்னா ஐடி கொஞ்சம் சேத்துக்கலாம். ஆனா ஐடிலயே வேலை பாக்குறவங்க தயவுசெஞ்சு வேணாம், சம்பளமும் சேமிப்பும் ஒரே நேரத்துல அடி வாங்கும்.