பழைய பூப்படங்கள்: அசல் தாளா, அச்செடுத்ததா, கேன்வாஸா?

வீட்டுச் சுவருக்குப் பழைய தாவரவியல் பூப்படங்கள் மாட்ட நினைக்கும் வேலூர்க்காரருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. அந்தக் காலத்து அசல் தாளை வாங்கலாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்கேனை இறக்கி இங்கேயே அச்செடுக்கலாம். ஆன்லைனில் ரெடிமேடாக வரும் கேன்வாஸ் படத்தை ஆர்டர் செய்யலாம்.

கேன்வாஸை முதலிலேயே தள்ளிவிடலாம் என்பது என் கருத்து. பழைய படத்தின் உயிரே கோட்டில்தான் இருக்கிறது. துணியின் நெசவில் இலை நரம்பும் மகரந்தத் தாளும் மங்கிப்போகும். பெரும்பாலும் கண்ணாடி போடாமல் மாட்டுவதால் தூசியும் ஒட்டும்.

அசல் தாளின் அழகே தனி. லண்டனில் 1787-ல் தொடங்கிய கர்ட்டிஸ் தாவரவியல் இதழின் படங்களுக்கு 1948 வரை கையால்தான் வண்ணம் தீட்டினார்கள். அந்தத் தாளைக் கிட்டத்தில் பார்த்தால், பூவிதழ் ஓரத்தில் சிவப்பு வண்ணம் கோட்டைத் தாண்டி மயிரிழை வெளியே வந்திருப்பது தெரியும். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: புள்ளி புள்ளியாகப் பல நிறங்கள் கலந்து தெரிந்தால் அது பிற்காலத்து அச்சு. செப்புத்தகட்டு அச்சாக இருந்தால், ஓரம் வெட்டுப்படாத தாளில் படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும்.

ஆனாலும் அசலை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தனித்தாளாக விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் புத்தகத்திலிருந்து பிரித்தெடுத்தவை. ஒவ்வொரு தாள் விற்கும்போதும் எங்கோ ஒரு புத்தகம் குறைபட்டுப் போயிருக்கிறது. நம்மூர் வெயில் இன்னொரு காரணம். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், மேற்கு பார்த்த ஹாலில் கையால் தீட்டிய வண்ணம் தாங்காது. அசல் கையில் இருந்தால், வெயில் படாத உள்ளறைச் சுவரில்தான் அதற்கு இடம்.

அப்புறம் இருப்பது அச்செடுக்கும் வழி. பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி தளத்தில் பழைய தாவர நூல்கள் முழுசாகவே கிடைக்கின்றன. அதில் வண்ணப் படமா, கறுப்புக் கோட்டுப் படமா என்று முடிவு செய்வதுதான் சுவாரசியமான விஷயம்.

வண்ணம் வேண்டுமென்றால் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்கின் ‘சோழமண்டலக் கரைத் தாவரங்கள்’ நூலுக்குப் போங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி 1795 முதல் வெளியிட்ட அதில் 300 படங்கள் உண்டு. வரைந்தவர்கள் இந்திய ஓவியர்கள். ஆரஞ்சுச் சிவப்பில் பூக்கும் நம் புரச மரமும் அதில் இருக்கிறது. சாதாரண இங்க்ஜெட் டை மை வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். அதனால் எளிதில் வெளுக்காத நிறத்துகள் கொண்ட பிக்மென்ட் மையில் அடிக்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

என் ஓட்டு கறுப்புக் கோட்டுக்குத்தான். மதராஸில் ராணுவ மருத்துவராக இருந்த ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட ‘ஐகோன்ஸ்’ என்ற இந்தியத் தாவரப் படத் தொகுதிகளில் 2,000-க்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. வைட்டுக்காகப் பல்லாண்டு வரைந்தவர்கள் ரங்கய்யாவும் கோவிந்துவும். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் சூட்டினார். நம்மூர் மனிதர்கள் நம்மூர்ச் செடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இழுத்த கோடுகள் இவை. எங்கோ வரைந்த ஹெலிகோனியா என்ற வெளிநாட்டுப் பூவைவிட இவைதான் நம் ஹாலுக்குப் பொருந்தும் என்று உறுதியாகச் சொல்வேன். செய்முறையிலும் ஒரு லாபம் இருக்கிறது. லேசர் பிரிண்டரின் கறுப்பு டோனர் பொடிக்கு நிறம் தருவது கரி. வெயிலில் எளிதில் வெளுக்காது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிஜிட்டல் பிரிண்ட் கடையிலேயே வேலை முடிந்துவிடும்.

ஏ3 அளவுக்கு ஸ்கேன் சுமார் 3,500-க்கு 5,000 பிக்சல் இருந்தால் கோடு கூர்மையாக வரும். ஸ்கேனில் உள்ள பழுப்புப் பின்னணியை நீக்கிவிட்டு, ஐவரி நிறத்தில் பளபளப்பில்லாத கெட்டித் தாளில் (300 ஜிஎஸ்எம் மேட்) அடிக்கச் சொல்லுங்கள். பழுப்பையும் சேர்த்து அடித்தால் திட்டுத் திட்டாக வரும். லேமினேஷன் வேண்டாம். விளக்கு வெளிச்சத்தில் கோட்டைவிடப் பளபளப்புதான் முன்னால் தெரியும்.

சாமி படம் ஃபிரேம் போடும் கடையிலேயே இதையும் கொடுக்கலாம். இரண்டு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படத்தைப் பின்அட்டையில் பசை தடவி ஒட்ட வேண்டாம், பசைக்குப் பூச்சி வரும். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் மவுன்ட் போர்டு, அதாவது படம் தெரிய நடுவே வெட்டிய கெட்டி அட்டை, வைக்கட்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். மழை ஊறும் வெளிச்சுவரின் உட்பக்கத்தில் மாட்டுவதாக இருந்தால், ஃபிரேமின் பின்பக்கம் கீழ் மூலைகளில் சின்ன ரப்பர் துண்டு ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போக வழி விடுங்கள்.