சின்ன வீல் கேட்டேன், ‘பேசியபடி’ கிடைத்தது

புதுக் கார் எடுக்கப் போகிறவர்கள், அதிலும் 17 இன்ச் வீல் வேண்டாம், 16 இன்ச்சே போதும் என்று நினைப்பவர்கள், புக்கிங் ஃபார்மில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் போட்டுவிட்டு இரண்டு மாதமாக அலைகிறேன். ஷோரூம் பெயரைச் சொல்லவில்லை, புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. கோவையில் இருக்கிறது, அது போதும்.

எனக்கு ஏன் சின்ன வீல் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பொள்ளாச்சி. அம்மா வால்பாறையில் அக்கா வீட்டில் இருக்கிறார். மாதம் இரண்டு தடவையாவது ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்க வேண்டும். பழைய வண்டியில் 17 இன்ச் அலாய் வீல், 55 புரொஃபைல் டயர், அதாவது சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) உயரம் குறைந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மூன்றரை வருடத்தில் இரண்டு டயர் சைடுவாலில் எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைத்துக்கொண்டது, ஒரு அலாயின் விளிம்பில் விரிசல். இன்சூரன்ஸில் கேட்டபோதுதான் தெரிந்தது: சாதாரண பாலிசியில் டயர் மட்டும் தனியாகப் போனால் ஒன்றும் தர மாட்டார்கள். வண்டியும் சேர்ந்து அடிபட்டிருந்தால்தான் தருவார்கள், அதுவும் பாதி விலை. எங்கள் ஊர் பஞ்சர் கடை அண்ணன் அந்த டயரைக் கழற்றிப் போட்டுவிட்டு, “இந்த ரோட்டுக்கு எதுக்குங்க தம்பி இத்தனை பெரிய ரிம்மு? ரப்பரே இல்லீங்களே இதுல” என்றார்.

அதனால் இந்தத் தடவை தெளிவாக இருந்தேன். ஆனால் நம் ஊரில் கார் விற்கும் முறை அந்தத் தெளிவுக்கு இடம் கொடுப்பதில்லை. அம்மாவுக்காக எனக்கு வேண்டியிருந்தது ஆட்டோமேட்டிக் கியரும் சுற்றிலும் காட்டும் கேமராவும். இரண்டும் சேர்ந்து டாப் வேரியன்ட்டில் மட்டும்தான். டாப் வேரியன்ட் என்றால் 17 இன்ச் அலாய். 16 இன்ச் வேண்டுமென்றால் கீழே இறங்க வேண்டும், அங்கே கேமரா கிடையாது. காபி வேண்டுமென்றால் கூடவே கேசரியும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பது மாதிரி.

இதைச் சொன்னதும் சேல்ஸ் தம்பி சிரித்தார். “இது ஒரு பிரச்சனையே இல்லீங்க சார். வீல் மாட்டுற ஹப்பெல்லாம் ஒண்ணுதானுங்க. டிக்கியத் திறந்து பாருங்க, ஸ்டெப்னியே 16 இன்ச்தானுங்க. கீழ் வேரியன்ட் வீல் நாலையும் மாட்டிக் கொடுத்துடறோம். வித்தியாசத்த உங்களுக்கு அட்ஜஸ்ட் பண்ணிடறோம்.”

“எவ்வளவு வரும்?”

“அத மேனேஜர் பாத்துக்குவாருங்க சார். நல்லாவே வரும்.”

“எழுதித் தருவீங்களா?”

“ஃபார்ம்லயே போட்டுடறனுங்க.”

போட்டார். அந்த ஃபார்ம் இப்போது என் மேசை மேல் இருக்கிறது. குறிப்பு என்ற கட்டத்தில் நீல மையில் மூன்றே வார்த்தை: ‘வீல் சேஞ்ச், பேசியபடி’. என்ன பேசினோம், எந்த அளவு டயர், புதுசா பழசா, எவ்வளவு ரூபாய், எதுவும் இல்லை. பத்திரத்தில் இப்படி எழுதினால் சிரிப்போம். 17 லட்ச ரூபாய் காருக்கு நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

டெலிவரி அன்று வழக்கமான கூத்து. மாலை, பெரிய அட்டைச் சாவி, ஃபோட்டோ. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கற்பூரம் காட்டிக் கும்பிட்டுவிட்டு வந்தோம். பில்லோடு ஒரு கவர் கொடுத்தார்கள். உள்ளே 12,000 ரூபாய்க்கு வவுச்சர். பணமாக இல்லை, பில்லில் கழிவாகவும் இல்லை. அவர்களுடைய கவுன்ட்டரிலேயே மிதியடி, சீட் கவர் வாங்கிக்கொள்வதற்கு. இதுதான் ‘வித்தியாசம்’ என்றார் மேனேஜர். அன்றைக்கு அம்மா பக்கத்தில் இருந்தார், நல்ல நாளில் சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அந்த நல்ல நாள் மனநிலையை அவர்கள் நன்றாகவே அறிந்து வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது நாள் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது, டயர் காற்றழுத்த எச்சரிக்கை. காற்று சரியாக இருந்தது. சர்வீஸில் விட்டால், “சென்சார் பழைய வீல்லயே இருக்குதுங்க சார், இந்த ஸ்டீல் ரிம்முக்கு வராது” என்றார்கள். அந்த சென்சார் ஒவ்வொரு வீலிலும் காற்று அடைக்கும் வால்வோடு சேர்ந்து உள்ளே உட்கார்ந்திருக்கும். வீலைக் கழற்றினால் அதுவும் கூடவே போகும். அதற்கும் சேர்த்துத்தானே டாப் வேரியன்ட் விலை கொடுத்தேன்? புதிதாக மாட்ட வேண்டுமானால் ஒன்று 3,200 ரூபாய் என்றார்கள். சரி, என்னுடைய அலாய் நாலும் எங்கே என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “அது மூவ் ஆயிடுச்சுங்க.”

அடுத்து நேராகப் பஞ்சர் கடை அண்ணனிடம் போனேன். அவர் டயரைச் சுற்றி வந்து, குந்தி உட்கார்ந்து, சைடுவாலில் ஈரத்துணியால் துடைத்து ஒரு நீள்வட்டக் கட்டத்தைக் காட்டினார். அதற்குள் நாலு எண்: 1123. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். அதாவது 2023இல் 11ஆவது வாரம், மார்ச் மாதம் செய்த டயர். என் வண்டி தயாரானது 2025 அக்டோபரில். முன் இரண்டும் 1123, பின் இரண்டும் 4024. புது டயரில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்குமே ரப்பர் முடி, அது முன் டயர் ஓடுதளத்தில் ஒன்றுகூட இல்லை. “இது ஓடிக் கழட்டுனதுங்க தம்பி” என்றார். யாரோ கீழ் வேரியன்ட் எடுத்துவிட்டு, அலாய்க்கு மாறியபோது கழற்றிப் போட்ட வீல். அதைத்தான் எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டிருக்கிறேன்.

அளவிலும் கோளாறு. கழற்றியது 215/60 ஆர்17, மாட்டியது 205/65 ஆர்16. முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் சைடுவால் உயரம். கணக்குப் போட்டால் பழையது 129 மி.மீ., புதியது 133. நாலு மில்லிமீட்டர் ரப்பருக்காகவா இத்தனை பாடு? 215/65 ஆர்16 போட்டிருந்தால் 140 மி.மீ. கிடைத்திருக்கும், மொத்த உயரமும் கிட்டத்தட்ட பழையபடியே இருந்திருக்கும். இப்போது சக்கரத்தின் விட்டம் சுமார் இரண்டரை சதவீதம் குறைந்துவிட்டது. சக்கரம் சிறிதானால் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும். மீட்டரை மாற்றி அமைக்காவிட்டால் நான் 10,000 கி.மீ. ஓட்டினால் அது கூடுதலாக 250 கி.மீ. எழுதிக்கொள்ளும். வாரன்ட்டியும் சர்வீஸும் அந்தக் கணக்கில்தான். ஒரு பேச்சுக்குக்கூட யாரும் இதைச் சொல்லவில்லை.

அந்த வாரம் மச்சானை அதே ஷோரூமின் பார்ட்ஸ் கவுன்ட்டருக்கு அனுப்பினேன், வாங்குகிற ஆள் மாதிரி. அலாய் ஒன்று 12,300, டயர் ஒன்று 9,800, நாலும் சேர்த்து 88,400. என் வண்டியில் மாட்டியிருப்பது புதிதாகவே வாங்கினாலும் ஸ்டீல் ரிம் 2,500, டயர் 6,900, நாலுக்கும் 37,600. வித்தியாசம் 50,800 ரூபாய். எனக்கு வந்தது மிதியடி வவுச்சர். நியாயமாகச் சொல்ல வேண்டும், கவுன்ட்டர் விலை வேறு, கம்பெனிக்கு அடக்க விலை வேறு. ஆயிரக்கணக்கில் வாங்கும் கம்பெனிக்கு ஒரு அலாய் 12,300 ஆகவே ஆகாது. ஐம்பதாயிரம் கொடு என்று நான் கேட்கவில்லை. இருபது, இருபத்தைந்து என்று சொல்லியிருந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போயிருப்பேன். கழற்றிக் கொடுக்கும்போது ஒரு விலை, அதையே அடுத்தவனுக்கு மாட்டும்போது ஒரு விலை, இரண்டையும் ஒரே ஆள் சொல்கிறார் என்பதுதான் எரிகிறது.

பலரும் கவனிக்காத இடம் வரி. என் பில்லில் இன்னும் 17 இன்ச் அலாயோடு டாப் வேரியன்ட் என்றுதான் இருக்கிறது. 4 மீட்டருக்கு மேல் நீளமுள்ள பெட்ரோல், டீசல் வண்டிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம். அதன் மேல் தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்குச் சாலை வரி 18 சதவீதம். இன்சூரன்ஸும் அந்த விலையை வைத்துத்தான். பில்லிலேயே 40,000 ரூபாய் குறைத்திருந்தால் சாலை வரியில் மட்டும் 7,200 மிச்சம். வவுச்சராகவோ கையில் பணமாகவோ கொடுத்தால், என்னிடம் இல்லாத வீலுக்கு நான் வரி கட்டியிருக்கிறேன் என்று அர்த்தம். ஆகவே யார் எவ்வளவு தருகிறேன் என்றாலும், அது வரி பில்லில் விலைக்குள் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராதது வராததுதான்.

இப்போது பெரிய கேள்வி. சின்ன வீல் போதும் என்பவனுக்குக் கம்பெனியே விலையைக் குறைக்க வேண்டுமா? என்னைக் கேட்டால் கட்டாயம் குறைக்க வேண்டும். சின்ன வீலால் கெடுவது முக்கியமாகத் தோற்றம்தான். பெரும்பாலும் எடை குறைவு, டயர் விலை குறைவு, மைலேஜும் கூடும். மின்சார வண்டியில் இது பளிச்சென்று தெரியும். 2022 டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டு அமெரிக்க அரசுக் கணக்கில் ஒரு முழு சார்ஜில் 19 இன்ச் வீலில் 396 மைல், 21 இன்ச்சில் 348. ஆனால் அதில் சின்ன வீல்தான் அடிப்படை, பெரியது வேண்டுமென்றால் கூடுதல் காசு. முறை அப்படி இருந்தால் கழிவு என்ற பேச்சே எழாது. அங்கும் எல்லாக் கம்பெனியும் அப்படி இல்லை. 2023 ஹூண்டாய் ஐயோனிக் 6 பெரிய பேட்டரி, பின்சக்கர இயக்க வண்டி 18 இன்ச்சில் 361 மைல், 20 இன்ச்சில் 305. மேல் வேரியன்ட்டுகளுக்கு 20 இன்ச்தான். அதிகக் காசு கொடுத்தவன் கிட்டத்தட்ட 90 கி.மீ. குறைவாக ஓடும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனான்.

ஒவ்வொரு வீல் சேர்க்கைக்கும் தனியாகச் சோதனை, தனியாக ஸ்டாக், அதற்கெல்லாம் செலவு என்று கம்பெனி தரப்பில் சொல்வார்கள். முழுப் பொய் இல்லை. ஐரோப்பாவில் வாங்குபவர் தேர்ந்தெடுக்கும் வீலையும் கணக்கில் எடுத்து அந்த வண்டிக்கென்றே தனியாகப் புகையின் கார்பன் டை ஆக்சைடு அளவு குறிப்பிடுகிறார்கள், அங்கே இது உண்மையிலேயே வேலைதான். ஆனால் என் வண்டியில் டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 16 இன்ச் அளவும் 17 இன்ச் அளவும் சேர்ந்தே அச்சாகியிருக்கின்றன. இரண்டையும் கம்பெனியே ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது. மீதி இருப்பது விலைப் பட்டியலில் ஒரு வரி. அந்த வரி இல்லாததால்தான் அதை நிரப்பும் வேலை ஷோரூம் மேனேஜர் கைக்குப் போகிறது.

அந்த ஸ்டிக்கர் இன்னொன்றுக்கும் முக்கியம். கம்பெனி நிர்ணயித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. ஸ்டிக்கரில் இல்லாத அளவை யாராவது மாட்டித் தருகிறேன் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கம்பெனிக்கு மெயில் போட்டேன். ‘டீலரைத் தொடர்புகொள்ளவும்’. டீலர், ‘கம்பெனி பாலிசியில் கழிவு கிடையாது, வவுச்சர் நாங்கள் நல்லெண்ணத்தில் கொடுத்தது’. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்த பிறகுதான் அசைந்தார்கள். முன் டயர் இரண்டும் புதிதாக மாற்றிவிட்டார்கள். சென்சாருக்குப் பாதி விலை என்றார்கள், மறுத்துவிட்டேன், பிறகு முழுதும் இலவசம் என்றார்கள். வித்தியாசத் தொகைக்கு இன்னும் அசையவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 10 முதல் 20 லட்சம் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் 400 ரூபாய்தான், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் நண்பர் ஃபார்மைப் பார்த்துவிட்டு, “இந்த ‘பேசியபடி’யை வச்சுக்கிட்டு நான் என்னத்தப் பேசறது?” என்றார். நல்ல வேளை, அந்த சேல்ஸ் தம்பி வாட்ஸ்ஆப்பில் ‘வித்தியாசத்த குறைச்சுடறோம் சார்’ என்று ஒரு தடவை அனுப்பியிருக்கிறார். தேடிப் பிடித்து எடுத்து வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை வண்டியைச் சென்சார் மாட்ட விட்டேன். ஜாப் கார்டில் சர்வீஸ் கவுன்ட்டர் பெண் ‘சென்சார் வேலை’ என்று எழுதி நீட்டினார். பேனாவை வாங்கி, நாலு சென்சார், புதியது, இலவசம், மீட்டர் சரிபார்க்க வேண்டும் என்று நானே எழுதி, நாலு டயரின் தயாரிப்பு எண்ணையும் கீழே போட்டு, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுத்தேன்.