பூஜ்ய நேரமா, கேள்வி நேரமா?

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவிப் படகும் வலையும் கறுத்துப்போனதைக் கண்ட வடசென்னைவாசிக்கு, இத்தகைய குறையை மாநிலங்களவையில் எவ்வழியில் எழுப்பினால் பயன் என்ற கேள்வி இயல்பானது.

காலை 11 மணிக்கு வரும், உறுப்பினர்கள் அவசரப் பொதுப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரத்துக்கு விதிப்புத்தகத்தில் இடமில்லை. அது வழக்கத்தால் நிலைத்தது. உறுப்பினருக்குக் கிடைப்பது மூன்று நிமிடம். அண்மையில் நடந்ததைச் சூடு ஆறுமுன் சொல்லிவிடலாம் என்பதே அதன் பலம். அமைச்சர் அங்கேயே பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர்.

பகல் 12 மணிக்குத் தொடங்கும் கேள்வி நேரத்துக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். வாய்மொழிப் பதிலுக்கான நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளோ நாளொன்றுக்கு 15 மட்டுமே, அதுவும் குலுக்கலில். காசிமேட்டு ஏலத்தில் நல்ல மீன் கிடைப்பதைப் போலத்தான். ஆயினும் என் சாய்வு இதன் பக்கமே. ‘எவ்வளவு எண்ணெய் அகற்றப்பட்டது, எத்தனை குடும்பங்களுக்கு இழப்பீடு சென்றது’ என்று கணக்குக் கேட்டால் அமைச்சர் கணக்கோடு வர வேண்டியிருக்கிறது. நழுவினால், பதிலைத் தொடர்ந்து அவையிலேயே கேட்கப்படும் துணைக் கேள்வி காத்திருக்கும். அமளியில் அவை ஒத்திவைக்கப்பட்டால் மூன்று நிமிடப் பேச்சு அன்றோடு போய்விடும், பட்டியலில் ஏறிய கேள்விக்கான எழுத்துப் பதிலோ அவையின் மேசையில் வைக்கப்பட்டதாகவே கொள்ளப்படும்.